ஆறு ரூபாய் அறுபத்தெட்டு காசு

மழை விட்ட நாலரை மணிக்கு
மேசையில் போன் ஒருமுறை அதிர்ந்தது.
சூரத்திலிருந்து பணம்.
பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று ரூபாய்,
முப்பத்திரண்டு காசு.

என் கூலி பன்னிரண்டாயிரம்.
தைலக் குப்பி மூன்று அளவு, மூன்று லேபிள்.
யூகலிப்டஸ் இலையின் வளைவை மட்டும்
ஏழு முறை திருத்தி வாங்கினார் ஜிக்னேஷ் பாய்.

கட்டணத்தை மறந்தவள் இல்லை நான்.
பணம் கடக்கும் பாலத்துக்காரனுக்கு நூற்றுக்கு இரண்டு,
அந்த இரண்டின் மேல் பதினெட்டு சதவீதம் ஜிஎஸ்டி,
ஆக இரண்டு புள்ளி மூன்று ஆறு.
பன்னிரண்டாயிரத்துக்கு
இருநூற்று எண்பத்து மூன்று ரூபாய் இருபது காசு.
அதையும் பில்லில் தனி வரியாக ஏற்றித்தான் அனுப்பினேன்.
"இது உங்க செலவில்லையா மேடம்?"
முனகிக்கொண்டே முழுசாகக் கட்டினார்.
பிறகு எங்கே போயிற்று
ஆறு ரூபாய் அறுபத்தெட்டு காசு?

பெரிய தொகை இல்லை.
கட்டபெட்டு முக்கில் அரை டம்ளர் டீ.
ஆனாலும் பல்லிடுக்கில் மாட்டிய நார்.
நாக்கு அங்கேயே போகிறது.

என் அறைக்குக் கீழே இலை எடை போடும் கொட்டகை.
வாடகை குறைவாக இருப்பதற்குக் காரணமே
சாயங்காலச் சத்தம்தான்.

"ஈர இலை! நூற்றுக்குப் பத்து கழிவு!"
போஜனின் குரல்.

"நேத்தே சொன்னியே. அம்பது எழுதணும்னா
அம்பத்தஞ்சு கொண்டாந்தா போதும்னு.
இந்தா அம்பத்தஞ்சு. ஏன் நாப்பத்தொம்பதரைன்னு எழுதுற?"
ராக்கம்மா. என் வயசு இருக்கும்.
தலையில் இன்னும் பாலிதீன் கொங்காடை.

"அம்பத்தஞ்சுக்குப் பத்து பிடிச்சா அஞ்சரைக்கா."

"கழிவுக்குன்னு கொண்டாந்த அஞ்சு கிலோவுக்குமா கழிவு?"

பேனாவைக் கீழே வைத்தேன்.

கழிவுக்காக ஏற்றியதையும்
கழிவு ஒரு வாய் கடிக்கிறது.
இன்னும் கொஞ்சம் ஏற்றினால் அதையும்.
கூட்டிக்கொண்டே போனால் என்றைக்கும் எட்டாது.
வகுக்க வேண்டும்.

பன்னிரண்டாயிரத்தை
புள்ளி ஒன்பது ஏழு ஆறு நான்கால் வகுத்தேன்.
பன்னிரண்டாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு ரூபாய், ஐந்து காசு.
திருப்பிக் கழித்துப் பார்த்தேன்.
காசு பிசகாமல் வந்து உட்கார்ந்தது.
யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.
ஜன்னலில் பனிமூட்டம் மட்டும் நின்றது.

அடுத்த வேலைக்கு பில் எழுதினேன்.
கட்டணம் என்கிற வரியே வைக்கவில்லை.
லேபிள் மூன்று. பதின்மூன்றாயிரம்.
அவ்வளவுதான்.
ஒரு நிமிஷத்தில் பாயிடமிருந்து
உயர்த்திய கட்டைவிரல்.
இருநூற்று எண்பதுக்கு முனகியவர்
ஆயிரத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை.

சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன்.
ராக்கம்மா விரலில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்,
அம்பத்தஞ்சு புள்ளி ஐந்து,
அம்பத்தஞ்சு புள்ளி ஆறு.
நாளைக்குச் சரியாகப் பறித்துவிடுவாள்.
கிலோவுக்கு என்ன விலை என்று எழுதும் கட்டம்
அவள் சீட்டில் இன்னும் காலியாக இருந்தது.
அதை மாசக் கடைசியில்
வேறு யாரோ நிரப்புவார்கள்.

லாரி வந்து நின்றது.
சாக்குகளிலிருந்து தண்ணீர்
இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது,
எழுதிய பிறகும்.