ஒரே ஒரு டிராம்

லியேபாயா நகரத்தில் டிராம் பாதை ஒன்றே ஒன்று.
எனக்கு மட்டும் இரண்டு.
பெரிதாய், பனிக்குள் கரைந்தபடி ஒன்று;
அதன் தோளில் தொற்றிக்கொண்டு
சின்னதாய் இன்னொன்று.
இருபது வருடம் பெரியதில்தான் ஏறினேன்.
தவறியதேயில்லை,
ஒருமுறை தவிர.
அதைச் சொல்லப்போவதில்லை.

ரீகாவில் டாக்டர் ஸ்காய்த்ரீதே
கண்ணைப் பார்க்குமுன் என் கையைப் பார்த்தார்.
"கட்டைவிரலை மடக்கி மற்ற விரல்களால் மூடுங்கள்."
மூடினேன்.
மறுபக்கம் வெளியே எட்டிப் பார்த்தது நகம்.
ஏதோ எழுதிக்கொண்டார்.

நூற்றுக்கணக்கில் இழைகள்
லென்ஸைச் சுற்றிலும் இழுத்துப் பிடித்திருக்க வேண்டுமாம்.
எனக்குக் கீழ்ப்பக்கம் அறுந்துவிட்டன.
ஒப்பந்தம் முடிந்த வாடகைக்காரனைப்போல
மேல்மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறது லென்ஸ்.
"முட்டுக்கொடுக்க ஆளில்லாமல்
கண்ணின் நீல வளையம் நடுங்குகிறது, தாலிவால்திஸ்.
கண்ணாடியில் கவனித்ததில்லையா?"

கண்ணாடியில் நான் எதைக் கவனித்தேன்?
சவரம் செய்யக்
கன்னத்தைத் தடவிப் பார்த்தே பழகியவன்.

மரத்துப்போன கண்ணுக்கு மேலே
மூன்று நிலாக்கள்போல் விளக்குகள்.
வலியில்லை.
யாரோ என் வீட்டில் மேசையை நகர்த்தும் சத்தம் மட்டும்.
பழையதை எடுத்தார்கள்.
ஐந்து மில்லிமீட்டர் பிளாஸ்டிக்,
நண்டுபோல் இரண்டு கொடுக்கு;
நீல வளையத்தைக் கிள்ளிப் பிடித்து
இனி அங்கேயே குடியிருக்கும்.
"மூச்சு விடலாம்" என்றாள் செவிலி.
அதுவரை நிறுத்தியிருந்தது எனக்கே தெரியாது.

வலது கண் முடிந்தது.
இடதுக்கு ஏப்ரலில் தேதி.

ஏழாம் வாரம், நிறுத்தத்தில்,
இடதை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.
டிராம் வந்தது.
அடுத்ததற்காகக் காத்திருந்தேன்.
வரவில்லை.
ஓட்டுநர் மணியடித்துப் பார்த்துவிட்டுப் போனார்.
கதவு ரப்பரில் இருந்த கிழிசல்கூடத் தெரிந்தது;
சிரிப்பு வந்தது.

பள்ளியிலிருந்து மதரா ஓடிவந்தாள்.
இருக்கைமேல் ஏறி நின்று,
"இப்போ நான் எத்தனை பேர்?"
"ஒருத்தி."
"நல்லாப் பாரு."

கிட்டப் பார்வைக்கு
மருந்துக்கடையில் வாங்கிய மலிவுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
நல்லாப் பார்த்தேன்.
மூக்கில் ஏழு புள்ளிகள்.
உதட்டில் மையின் கறை.
அடுத்த டிராம் எங்கே என்று
தெருக்கோடிக்குப் பார்வையைத் திருப்பினாள்,
சட்டென்று என்னிடம் திரும்பினாள்.
கண் நின்றுவிட்டது.
நீலம் நிற்கவில்லை.
மேசைமேல் வைத்த தம்ளரில்
தண்ணீர் இன்னும் ஒரு நொடி அசையுமே,
அப்படி.

காற்று அடித்துக்கொண்டிருந்தது,
இந்த ஊரில் எப்போதும் அடிப்பதுதான்.
அவள் கையுறையைக் கழற்றினேன்.
"கட்டைவிரலை மடக்கு."
விளையாட்டென்று நினைத்து
மடக்கினாள்.

டிராம் வந்தது. ஒன்றுதான்.
நாங்கள் ஏறவில்லை.