வாய்க்கு வாய்த்தது

முன்பல் இரண்டையும் கட்டிய டாக்டர்
கரும்பு கடிக்காதே, எலும்பு கடிக்காதே என்றார்.
கிளாரினெட்டைப் பற்றி
அவரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

பதினோரு வருஷம் கூடவே இருந்த மவுத்பீஸ்
புதுப் பல்லை ஏற்க மறுத்துவிட்டது.
மேலே போனால் கீச்சு.
கீழே வந்தால் கடைவாயோரம் காற்று ஒழுகும்
பழைய சைக்கிள் ட்யூப் மாதிரி.
கிறிஸ்துமஸ் பவனிக்கு இன்னும் பத்தொன்பது நாள்.
"ஜாய்லெட்டு, இந்த வருஷம் நீ ஜால்ரா பிடி"
என்றார் பேண்டு மாஸ்டர் குணபாலன்.
அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

களியக்காவிளையில் பஸ்ஸை விட்டிறங்கி
மீன்லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி
எல்லை தாண்டி நடந்தேன்.
இஞ்சிவிளையில் சசிதரனின் கடை:
பாதி செண்டை,
பாதி தையல்மிஷின் சாமான்.

துணி விரித்து மூன்றை வைத்தார்.
ஒவ்வொன்றையும் வெந்நீரில் முக்கித் துடைத்தார்,
பிள்ளைக்குப் பால்புட்டி கழுவுகிற கவனத்தோடு.

முதலாவது கண்ணாடி.
உதட்டில் பட்டதுமே குளிர்ந்தது.
ஊதினால்
கூரையில் தொங்கிய செண்டைத் தோலெல்லாம்
லேசாகச் சிலிர்த்தது.
"கொள்ளாம்" என்றார் சசிதரன்.
அந்தச் சொல்லுக்குள்ளேயே
வாங்கிக்கொள் என்பதும் இருக்கிறது.
ஆனால் எங்கள் பவனி
சரல் பாதையில் நாலு கிலோமீட்டர், இருட்டு,
எனக்கு முன்னால் டிரம் அடிக்கிற ஷெர்லினுக்கு
முழங்கை எப்போது எங்கே போகும் என்று
ஷெர்லினுக்கே தெரியாது.
கண்ணாடியைக் கீழே வைத்தேன்.
வைக்க மனசில்லாமல்தான்.

இரண்டாவது புத்தம்புதிது, அகல வாய்.
இரண்டரை நம்பர் ரீடு போட்டும்
கொடுக்கக் கொடுக்க இன்னும் இன்னும் என்றது.
அப்படி ஒரு கொழுந்தன் எனக்கு இருக்கிறான்.
இன்னொன்று வேண்டாம்.

மூன்றாவதைச் சசிதரன்
கொஞ்சம் கூச்சத்தோடு நகர்த்தினார்.
கறுப்பு மங்கிப் பாசிநிறமாகிப்போன எபனைட்.
மேல்பக்கம் இரண்டு பள்ளம்.
யாருடைய பல்லோ
வருஷக்கணக்கில் கடித்த தடம்.
என் பல் அந்தப் பள்ளத்தில் உட்காரவில்லை.
ஒரு நூலிழை தள்ளி
மேட்டில் உட்கார்ந்தது.
அங்கே வலிக்கவில்லை.

"ஸ்டூலில் இருந்து ஊதினால் எல்லாம் நல்லதுதான்,
நடந்து பார்க்கணும்" என்றேன்.
அவர் என் கைப்பையைப் பார்த்தார்.
கைப்பையை வைத்தேன். போனை வைத்தேன்.
குடையையும் வைத்தேன்.
கழற்ற முடிந்திருந்தால்
இரண்டு பல்லையும் வைத்திருப்பேன்.

செக்போஸ்ட் வரைக்கும் கோழிலாரிகள் வரிசை,
சக்கரத்துக்கு மருந்தடிக்கிறார்கள்.
இடையில் நான், ஒரு கேரலை
நடைக்கு ஏற்ற மாதிரி மெதுவாக ஊதிக்கொண்டு.
கம்பிக்குள்ளிருந்து கோழிகள்
கழுத்தைச் சாய்த்துப் பார்த்தன.
போலீஸ்காரர் தொப்பியைத் தூக்கி
"எந்தா சேச்சி, ஆரு மரிச்சு?" என்றார்.
வாய் வேலையாக இருந்ததால்
பதில் சொல்லவில்லை.

திரும்பும்போது ஒரு குழி.
கால் பிசகி, தோள் குலுங்கி,
பல்லும் எபனைட்டும் மோதின.
ஒலி குதித்தது.
அறுபடவில்லை.
குதித்து மறுபக்கம் இறங்கி
விட்ட இடத்திலிருந்து நடந்தது.
அந்த இடத்திலேயே நின்று
ரீடை ஒருமுறை நக்கிக்கொண்டேன்.
விலை பேசுவதற்கு முன்னாலேயே
அது என்னுடையது.

ஆயிரத்து இருநூறு சொன்னார்.
தொள்ளாயிரத்துக்கு வந்தார்.
"யாருடைய பல் இது?"
"அறியில்ல சேச்சி. மூணு கை மாறி வந்தது."
மூன்று கை சரி,
எத்தனை வாய் என்று நான் கேட்கவில்லை.

பஸ்ஸில் குணபாலன் கூப்பிட்டார்.
ஜால்ராவைப் பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறாராம்.
மாஸ்டர், நான்தான் ஊதப்போகிறேன் என்று
சொல்லத்தான் வாயெடுத்தேன்.
உதடு மரத்துப்போயிருந்தது,
மாவும் வரவில்லை, பாவும் வரவில்லை.
"என்ன? என்ன சொல்லுத?" என்று
அவர் கத்திக்கொண்டேயிருந்தார்.
பக்கத்து ஸீட்டு அம்மாள்
போனையும் என் வாயையும் மாறிமாறிப் பார்த்தாள்.
நான் கைப்பைக்குள் கைவிட்டு
அந்தப் பள்ளங்களைத்
தடவிக்கொண்டிருந்தேன்.