பதினெட்டு

பூன்டா அரெனாஸில் பெருங்காற்று நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்.
பிடித்துக்கொண்டு நடக்கலாம்.
இரவுப் பணிக்கு நான் அப்படித்தான் வந்தேன்,
கையுறையில் கயிற்றுப் பிசிறு ஒட்டியிருக்க.

ஏழாம் கட்டில். நொல்பெர்த்தோ கார்கமோ.
எழுபத்தொரு வயது. ஆட்டு மயிர் கத்தரிப்பவர்.
இடுப்பெலும்பில் திருகாணி வைத்து நான்காம் நாள்.
வலிக்கிறதா என்றால்
"கிடா இதைவிட மோசமாக உதைத்திருக்கிறது" என்பார்.
அது பதில் இல்லை.
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள் என்றேன்.
"உனக்கு எது வசதி?" என்றார்.

அட்டவணையைப் புரட்டினேன்.
காய்ச்சல் இல்லை. இரத்த அழுத்தம் பரவாயில்லை.
மூச்சு பதினெட்டு.
அதற்கு முன் பதினெட்டு.
அதற்கும் முன் பதினெட்டு.
ஒரு மனிதன்
சுவர்க்கடிகாரம்போல் மூச்சு விட்டிருக்கிறான்.
தூங்கும்போதும்,
முதன்முதலாக எழுப்பி நிற்கவைத்தபோதும்,
போர்வெனீரிலிருந்து படகேறி வந்த மகள்
அழுதுவிட்டுப் போனபிறகும்
பதினெட்டு.

மூச்சை எண்ணும்போது
எண்ணுகிறேன் என்று சொல்லக் கூடாது.
சொன்னால் மூச்சைச் சீவிச் சிங்காரித்துக்கொள்வார்கள்,
புகைப்படத்துக்கு நிற்பதுபோல.
ஆகவே மணிக்கட்டைப் பிடித்து
நாடி பார்க்கிறேன் என்றேன்.
இந்த வேலையில் அனுமதிக்கப்பட்ட பொய் இது ஒன்றுதான்.
(இன்னும் ஒன்றிரண்டு இருக்கலாம்.)

ஒரு நிமிடம் மிக நீளமானது.
அதற்குள் மூன்றாம் கட்டில் மணி அடிக்கும்,
மருந்து வண்டி நடுவழியில் நிற்கும்,
யாருக்கோ கழிவறைக்குப் போகவேண்டும்.
பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கலாம்.
பெருக்கியிருக்கிறேன்.
எண்ணாமலேயும் பெருக்க முடியும் என்பது
இந்த வேலையின் ரகசியங்களில் ஒன்று.

ஐந்து. ஜன்னல் சட்டம் நடுங்கியது.
ஒன்பது. கழுத்துக்குழி உள்வாங்கிக்கொண்டது.
பதினான்கு. போர்வைக்கு வெளியே கால்,
பெருவிரல் நகத்தை யாரோ பாதி வெட்டி விட்டிருக்கிறார்கள்.
பதினெட்டு. முள் எட்டைத்தான் தொட்டிருந்தது,
நிமிடம் முடிய இன்னும் இருபது நொடி.

இருபத்தேழு.
மறுபடி எண்ணினேன். இருபத்தெட்டு.

தொலைபேசியில் டாக்டர் ஒயார்சூன்:
"இதுவரை பதினெட்டுதானே?"
"பதினெட்டு என்று எழுதியிருக்கிறது."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு காலணிச் சத்தம், படிகளில்.

ஆக்சிஜன். இரத்தம் எடுத்தோம்.
வலது நுரையீரலின் அடியில்
நனைந்த கம்பளியை மிதிப்பதுபோல் ஓர் ஒலி.
பெயரைக் கேட்டு, கைப்பட்டையைப் பார்த்து,
மறுபடி பெயரைக் கேட்டு
ஆன்டிபயாடிக் ஏற்றினேன்.
"நான்கு நாளாக என்னைத் தெரியாதா உனக்கு?" என்றார்.
தெரியும். அதனால்தான் கேட்கவேண்டும்.
தலைப்பக்கம் உயர்த்தி, உதட்டை நனைத்து,
அந்த நகத்தின் மீதிப் பாதியையும் வெட்டினேன்.
அது எந்த அட்டவணையிலும் இல்லை.

பிறகு எழுத உட்கார்ந்தேன்.
இருபத்தெட்டுக்கு நேர்மேலே இருந்த பதினெட்டு.
அதன் எட்டு
ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தனிச் சுழி.
இந்த வார்டில் எட்டை அப்படிப் போடுவது
ஒருத்திதான்.
நேற்று அதிகாலை நான்கு மணி.
வெளியே இதே காற்று.

அழிக்கக் கூடாது.
ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதி,
கையெழுத்திடவேண்டும்.
சரியானது எது?
நேற்றைய மூச்சை இன்று எங்கே போய் எண்ணுவது?

விடியுமுன் முகமூடிக்குள்ளிருந்து கேட்டார்:
"எத்தனை?"
"நாடியா?"
"கையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பார்த்தாய்.
மந்தை எண்ணுகிறவன் நான்."
"இருபத்துநான்கு," என்றேன்.
"எது வசதியோ அதையா?"
"இல்லை. எண்ணினேன்."
கண்ணை மூடிக்கொண்டார்.

ஏழு மணிக்கு எதெல்மிரா வந்தாள்,
தலைமுடி காற்றில் கலைந்து, கன்னம் சிவந்து.
ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.
ஏழாவதில்
"நேற்று நான் எண்ணவில்லை" என்றேன்.

அவள் பேனாவை மூடினாள்.
அட்டவணையின் முதல் இரண்டு பதினெட்டுகளையும்
நெடுநேரம் பார்த்தாள்.
பிறகு பேனாவைத் திறந்து
நான் சொன்னதை எழுதினாள்.