பள்ளிகொண்டா, ஏழாவது தடம்

இரவு ஷிஃப்டில் முகங்கள் கிடைக்காது.
கைகள்தான்.
ஃபாஸ்டேக் படிக்காத வண்டிகளின் கைகள்:
வளையல் கை, பீடிக் கை, ஸ்டியரிங் கறுப்பு ஏறிய கை.
ஆம்பூர்த் தோல் லாரியின் வாடை
லாரிக்கு முன்பே தடையைத் தாண்டும்;
அதற்கு இன்னும் கட்டணம் போடவில்லை.

மூன்று மணிக்கு, வேலூர்ப் பக்கம்
ஆம்புலன்ஸ் ஒன்று இலவசமாய் அலறிப் போனது.
பின்னாலேயே ஒரு பழைய இண்டிகா.
தாள்களை எண்ணாமல் நீட்டிய கை.

"சிங்கிளா, ரிட்டனா?"

கை அப்படியே நின்றது.
பின்னால் ஹாரன்கள்.
"திலகவதி, என்ன அங்க?" வாக்கி டாக்கி.

ரிட்டன் போட்டேன்.
குறைந்த நாற்பது ரூபாய் என்னுடையது;
விடிந்தால் கணக்கு ஒத்துப்போக வேண்டும்.

கிழித்துக் கொடுத்தபோதுதான் படித்தேன்:
நாளை அதிகாலை 3.12 வரை
செல்லும்.