ஒரு விநாடி குறைவு

பாபு ராவ் தெருவில் பாதி லாட்ஜுகளின் பெயர்
வங்காளியிலும் எழுதியிருக்கும்.
அதில் ஒன்றில், வரவேற்பறைக் கடிகாரம்
கரண்டின் ஐம்பது துடிப்பை எண்ணி ஓடுவது.
கரண்டு போய் வந்தால் பன்னிரண்டு.
எப்போது போய் வந்தாலும் பன்னிரண்டு.
"ரெண்டு மணி மாத்திரைய எவனும்
ரெண்டு மணிக்குப் போடறதில்ல பியூலா"
என்றார் தஸ்தகீர், சாவிகளை ஆணியில் மாட்டியபடி.
அறையைக் காலிசெய்யும் நேரத்தில் நடக்கும் சண்டைகளைப் பற்றி
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

செத்துப்போன சுவர்க்கடிகாரத்திலிருந்து பிடுங்கினேன்:
அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய தகரக் குழாய்,
பூனை மீசையாய் இரண்டு கால்.
உள்ளே ஒரு குவார்ட்ஸ் கவை.
விநாடிக்கு முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டு முறை
நடுங்கச் சம்மதிக்கும்.
பதினைந்து தடவை பாதியாக்கினால்
மிச்சமில்லாமல் ஒன்று.

நடுங்கவைக்க ஒரு இன்வெர்ட்டர் போதும்.
ஆம் என்றால் இல்லை என்பது அது,
இல்லை என்றால் ஆம்.
அதன் வாயையும் வாலையும் பத்து மெகாஓமால் கட்டினால்
எதையும் சொல்ல முடியாமல் நடுவில் நின்று தவிக்கும்.
படிகம் குடியேறுவது அந்தத் தவிப்பில்.

கையிலிருந்தது 74HC04.
ஆர்வக்கோளாறு.
முணுமுணுப்பைக் கொடுத்தேன், கூச்சலைத் திருப்பித் தந்தது.
ஒரு விநாடிக்குள் ஆறு விநாடி ஓடிற்று.
அந்த வேகத்தில் நோயாளிகள் சாயங்காலமே குணமாகி,
வாடகை மட்டும் ஒரு வாரத்துக்கு ஏறியிருக்கும்.

லாங்கு பஜார்க் கடைப்பையன் "எல்லாம் ஒண்ணுதாங்க்கா" என்றான்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டு
ஒவ்வொரு சிப்பின் முதுகையும் படித்தேன்.
4069க்குப் பின்னால் ஒரு யு.
அந்த ஒற்றை எழுத்துக்குப் பொருள்:
உள்ளே உதவிக்கு ஆளில்லை,
ஒரே படி, மிதமான குரல்.
பதினெட்டு ரூபாய்.

ஓடவில்லை.

தொரப்பாடி பாலிடெக்னிக்கிலிருந்து
ஆஸிலோஸ்கோப்பை இரண்டு நாளைக்கு இரவல் வாங்கிவந்து
முனையைக் காலில் வைத்தேன். அலை!
எடுத்தேன். செத்த கோடு.
வைத்தேன், அலை.
பார்த்தால் துடிப்பதும்
பார்வையை எடுத்தால் நிற்பதுமாக
ராத்திரி ஒன்றரை வரை என்னை வைத்து விளையாடியது.
காட்பாடிப் பக்கம் ஏதோ ஒரு வண்டி ஊதிக்கொண்டு போனது.
அப்புறம்தான் புரிந்தது:
உள்வாயில் நான் கன்டென்சரே போடவில்லை.
அளக்கும் முனையின் பத்துப் பன்னிரண்டு பிகோஃபாரட்தான்
அங்கே நின்று பாரம் சுமந்திருக்கிறது.
எனக்குப் பதிலாக அங்கே
மிளகளவு செராமிக் ஒன்றை நிறுத்தினேன்.
பார்வையை எடுத்தும் ஓடியது.

இரண்டாவது கதவை வெளியாட்களோடு பேச விட்டேன்,
படிகத்தை யாரும் நேராகத் தொடக்கூடாது.
மிச்சம் நான்கின் வாய்களையும் தரையில் கட்டினேன்.
சும்மா இருப்பவைதானே ஊர்வம்பை இழுத்துவரும்.
மின்காலை ஒட்டி ஒரு புள்ளி ஒன்று.
கரண்டு போனால் தாங்க ஒரு பேட்டரி.

தை முழுக்கச் சுத்தம்.
அக்னி நட்சத்திரத்தில் நாளுக்கு ஒரு விநாடி பின்தங்கியது.
வரவேற்பறையில் நாற்பத்திமூன்று டிகிரி.
இந்தக் கவை இருபத்தைந்தில்தான் நிமிர்ந்து நிற்கும்,
சூட்டிலும் தளரும், குளிரிலும் தளரும்,
எந்தப் பக்கம் போனாலும் மெதுவாகத்தான்.
பிளாஸ்டிக் திருப்புளியால் ட்ரிம்மரை
ஒரு மயிரிழை திருப்பினால் மே மாதம் சரியாகும்,
ஐப்பசியில் முந்தும்.
எந்த மாதத்துக்குத் துரோகம் செய்வது என்று யோசித்து
திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று இரவு மால்தாவிலிருந்து வந்த ஒரு பெண்
கடிகாரத்தின் கீழே நின்றாள், கையில் மாத்திரைப் பட்டை.
1:59.
அவள் மொழியில் ஏதோ கேட்டாள்,
சரியான நேரமா என்றிருக்கலாம்.
ஒரு விநாடி குறைவு என்று சொல்ல
ஒரு விரலைக் காட்டினேன்.
ஒரு நிமிடம் என்று எடுத்துக்கொண்டாள்.
தலையசைத்துவிட்டு,
சிவப்பு எண்களைப் பார்த்தபடியே
காத்திருந்தாள்.