நூற்று எழுபத்தோராம் நாள்

பத்து இலக்க எண்ணைத்தான் முதலில் கேட்பேன்.
அவள் ஒப்பிக்கிறாள், போலந்து நாக்கில்
ஐஸ்லாந்து எண்கள் இடறி விழுந்து எழ.
திரை சொல்கிறது: இன்னும் ஒன்பது நாள்.

குடியேறி ஆறு மாதம் கடந்தால்தான் காப்பீடு.
அதுவரை முழுக் கட்டணம்.
தொகையைச் சொல்ல வாய் வரவில்லை,
துண்டுத் தாளில் எழுதிக்
கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன்.

ஹலினா கழுத்துக் கம்பளியை அவிழ்த்தாள்.
மீன் ஆலைக் குளிர் இன்னும் விடாத விரல்
தொட்டுக் காட்டிய இடத்தில்
கோலிக்குண்டு அளவில் ஒன்று.
நான் மருத்துவர் இல்லை.
பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

அவளுக்குப் பின்னால் ஸ்டெயின்தோர்.
இங்கேயே பிறந்து இங்கேயே படகு ஓட்டியவர்,
திரை மறுபேச்சில்லாமல் ஏற்கும் பெயர்.
அவர் கண்ணைப் பார்க்க வேண்டியவரோ
மாதம் ஒருமுறை தலைநகரிலிருந்து பறந்து வருபவர்.
இன்றைய விமானம்
மலைகளுக்கு நடுவே மூடுபனியில்
இரண்டு சுற்றுச் சுற்றித் திரும்பிவிட்டது.
"மூணாவது தடவை," என்றார். கோபம்கூட இல்லை.

இருவரும் ஒரே பெஞ்சில்.
அவர் இரண்டு காபி பிடித்து வந்து
ஒன்றை நீட்டினார்.
பொது மொழி ஏதுமில்லை.
சர்க்கரை எத்தனை என்று விரலால் கேட்டார்.
மூன்று, என்றது அவள் விரல்.

நாட்காட்டியைப் புரட்டினேன்.
ஒன்பதாம் நாள் ஞாயிறு.
ஞாயிறு நாங்கள் திறப்பதில்லை.
திங்களின் கட்டத்தில் பென்சிலால் அவள் பெயரை எழுதி,
அழித்து,
நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு
நர்ஸின் கதவைத் தட்டப் போனேன்.