வலிக்காத இடம்

கஜானியில் ஜனவரி.
பத்து மணிவாக்கில்தான் வெளிச்சம் என்று ஒன்று வரும்,
இரண்டரைக்கெல்லாம் கிளம்பிவிடும்.
நான் இரவு பத்துக்குப் பனிவண்டியில் ஏறுகிறவன்.
நகரத்தின் பனியை வழித்து வழித்து
ஆற்றங்கரைத் திடலில் கொட்டுவேன்.
எப்போதும் அதே திடல்.
வண்டிக்கே வழி தெரியும்.

ஏறுவதற்கு முன் ஊசி.
தொப்புளுக்கு இடப்புறம், மூன்று விரற்கடை தள்ளி.
பார்க்கக்கூட வேண்டாம், கைக்குத் தெரியும்.
பதினோரு வருஷம்.
அங்கே வலிப்பதில்லை.
ஆரம்பத்தில் வலித்ததோ என்னவோ, ஞாபகமில்லை.

பதினெட்டு அலகு போதாமல் இருபத்துநான்கு,
அதுவும் போதாமல் முப்பத்தாறு.
ஆறு இருக்க வேண்டிய இடத்தில்
பதினாறு, பத்தொன்பது.
ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணே இல்லை,
கருவியில் 'அதிகம்' என்று ஒரே ஒரு சொல்.
வாசல் விளக்கைச் சுற்றிப் புகைவளையம்.
பாதம் இரண்டும் யாருடையவோ.
இரவில் ஐந்து தடவை எழுந்து
ஐந்து தடவையும் குழாயில் வாய் வைத்தேன்.

டாக்டர் பூலாக்கா திரையைப் பார்த்தபடி கேட்டார்:
"தவறாமல் போட்டுக்கொள்கிறீர்களா?"
போட்டுக்கொள்கிறேன்.
"உண்மையாகவே?"

அந்த 'உண்மையாகவே'யை
மேல்கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வீடு வந்தேன்.
ஹில்க்கா அதே பையைத் துழாவினாள்.
ஏலக்காய் ரொட்டியின் பொருக்கு
அகப்படும் என்று நினைத்திருப்பாள்.
அகப்பட்டது நான்கு குளுக்கோஸ் மாத்திரை,
வண்டிக்கொட்டகைச் சாவி.
அவள் மன்னிப்புக் கேட்கவில்லை,
நானும் எதிர்பார்க்கவில்லை.
முப்பது வருஷமாக இதையெல்லாம்
பேசாமலே முடித்துக்கொள்கிறவர்கள் நாங்கள்.

மார்ச்சில் புது நர்ஸ், மிர்வா.
"கொஞ்சம் படுங்கள்" என்றாள்.
உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு
வயிற்றைத் தடவி வந்தவள்
அங்கே வந்ததும் நின்றாள்.
என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினாள்.
தோலுக்கடியில் ஒரு மேடு.
பிசைந்த மாவின் பதம்.
பதினோரு வருஷம் ஊசியால் தொட்டதை
அன்றுதான் விரலால் தொட்டேன்.

"மருந்து உள்ளே போகிறது, இரத்தத்துக்குப் போகவில்லை.
தோன்றினால் கொஞ்சம் கசியும்,
இல்லாவிட்டால் அங்கேயே கிடக்கும்."
வலிக்கவே இல்லையே, என்றேன்.
"அதனால்தான்" என்றாள்.

விழலுக்கு இறைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது.
விழலாவது பச்சையாக இருந்திருக்கும்.

இப்போது தொடை.
அளவைக் குறைத்து எழுதிக்கொடுத்திருக்கிறாள்.
நுழையும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.
நாளுக்கொரு இடம் என்று
ஹில்க்கா நாள்காட்டியில் கட்டம் போட்டிருக்கிறாள்,
பச்சைப் பென்சிலில்.
அவள் கேட்ட மன்னிப்பு அதுதான்.

நான்காம் இரவு, மூன்று மணி, பாலத்தருகே
கை நடுங்கிற்று.
மைனஸ் பதினெட்டில் முதுகெல்லாம் வியர்வை.
இரண்டு புள்ளி ஒன்பது.
ஓரங்கட்டி, மஞ்சள் விளக்கு தலைக்குமேல் சுழலச் சுழல
அந்த நான்கு மாத்திரையையும் மென்றேன்.
நெஞ்சு அடித்துக்கொண்டது.
நடுவே, யாரிடமும் சொல்ல முடியாத
ஓர் அசட்டுச் சந்தோஷம்:
வேலை செய்கிறது.

எப்போதும் அல்ல.
நேற்றுக் காலை மறுபடி பதினான்கு.
ஏன் என்றால் மிர்வாவும் தோளைக் குலுக்குகிறாள்.
கை இன்னும் இடப்புறம்தான் போகிறது.
பாதி வழியில் பிடித்துத்
திருப்பிக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

மே முடியப்போகிறது.
ஊரெல்லாம் பிர்ச் துளிர்த்தாயிற்று.
திடலில் மட்டும் என் பனி கறுத்துக் கிடக்கிறது,
வீட்டுயரம்,
மேலெல்லாம் சரளைக்கல், யாரோ தொலைத்த ஒற்றைக் கையுறை.
அடியிலிருந்து ஆற்றுக்கு
ஒரு விரல் தடிமனில் நீர் போகிறது.
வேலை இல்லாத நாளிலும் போய் நின்று பார்க்கிறேன்.
ஜூலையிலும் கொஞ்சம் மிச்சமிருக்கும் என்கிறார்கள்.